சத்த அலமாரி

போன மாதம் நிவேதா ஒரு படம் அனுப்பியிருந்தாள். பெஹாலாவில் நான் வேலை பார்த்த ஆரம்பப் பள்ளியில் இப்போது என் இரண்டாம் வகுப்பை எடுப்பவள் அவள். கோயம்புத்தூர்ப் பெண், கணவனின் கம்ப்யூட்டர் வேலைக்காகக் கொல்கத்தா வந்தவள். படத்தில் எங்கள் பழைய மர அலமாரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. கீழே கேள்வி.

"மேடம், இதுக்குள்ள யாரோட எக்ஸ்ரேவோ நிறைய இருக்கு. கால் எலும்பு, நெஞ்செலும்புன்னு. தொடவே பயமா இருக்கு. அப்புறம் சல்லடை, துருப்பிடிச்ச டப்பா, கிழிஞ்ச தார்ப்பாய். தூக்கிப் போட்டுடட்டுமா? ஸ்மார்ட் போர்டு வைக்க இடம் வேணுங்கறாங்க."

உடனே போன் செய்தேன். "கால் எலும்ப ஒரு முனையில பிடிச்சு உதறு" என்றேன்.

"என்னது?"

"உதறேன்மா."

உதறினாள். போனுக்குள் இடி இடித்தது. எங்கோ கங்கைக்கு அப்பால் தொடங்கி, வீட்டுக் கூரைமேல் உருண்டு வந்து நிற்கிற இடி. பிறகு மெல்லிய குரலில், "இன்னொரு தடவ பண்ணிப் பாக்கட்டுமா மேடம்?" என்றாள்.

"அந்த அலமாரியோட கதைய எழுதி அனுப்புங்க, நாங்க எல்லா டீச்சரும் படிக்கிறோம்" என்று மறுநாள் கேட்டாள். அதனால்தான் இது. ஸ்மார்ட் போர்டின் மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. விரலை வைத்தால் அருவி வருகிறது, நீலமாக, சத்தத்தோடு. நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். ஆனால் நான் வேறொரு அருவியையும் பார்த்திருக்கிறேன். பார்க்கவில்லை, கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கை மயிர் எழுந்து நிற்கிறது.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க வேலை. நான் பிறந்தது இங்கேதான். என் தமிழ்நாடு என்பது சில கல்யாண மண்டபங்களும் திரும்பி வரும் ரயிலும். தொண்டையில் முடிச்சு விழுந்து, குரல் வேண்டுமா வேலை வேண்டுமா என்று டாக்டர் கேட்டதால் ஐம்பதைத் தாண்டியதுமே ஓய்வு வாங்கிக்கொண்டேன். பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றது சார்ட் பேப்பரைச் சுருக்கம் விழாமல் ஒட்டுவது. அதற்குப் பரிசும் வாங்கினேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. மற்றதெல்லாம் பொர்தியிடம் கற்றது.

பொர்தி என்றால் பெரியக்கா. வங்காளப் பள்ளிகளில் தலைமையாசிரியையை அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் பொர்தி மொடமொடப்பான நூல் புடவையும், வெயிலோ மழையோ கையில் ஒரு குடையுமாக வருவார். பாராட்டத் தெரியாதவர். மிகவும் பிடித்துப்போனால் "ஹும்" என்பார். பிடிக்காவிட்டாலும் "ஹும்" தான். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கு நாலைந்து வருஷம் ஆயிற்று.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் வெட்டி ஒட்டிய ஆப்பிள் படத்தை எடுத்துப் போனேன். வாங்கிப் பார்த்தார். திருப்பினார். பின்பக்கத்து வெற்றுத் தாளை ஆசையாகத் தடவினார். "இந்தப் பக்கம் ரொம்ப நல்லா இருக்கு" என்று திருப்பித் தந்தார்.

வகுப்புக்குள் எந்தப் பொருள் போவதற்கு முன்னாலும் அது அவரிடம் பரீட்சை எழுத வேண்டும். குழந்தைகளின் குட்டி நாற்காலியில், முழங்கால் தாடையை இடிக்க, பொருளோடு தனியாக உட்காருவார். முகர்ந்து பார்ப்பார். தலையில் கவிழ்த்துக்கொள்வார். தட்டுவார், உருட்டுவார். கரியாஹாட்டிலிருந்து ஒரு வியாபாரி பிளாஸ்டிக் சமையல் செட் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கிறது. குட்டி அடுப்பு, குட்டிக் குக்கர், குட்டி இட்லி கூட.

"இது வேற என்னவாகும்?" என்று கேட்டார் பொர்தி.

"மேடம், இது கிச்சன் செட்."

"தெரியுது அண்ணா. வேற என்னவாகும்?"

"கிச்சன் செட்தான் மேடம். சர்ட்டிஃபிகேட் எல்லாம் இருக்கு."

"அப்படியா. டீ குடிச்சிட்டு எடுத்துட்டுப் போங்க."

சத்த அலமாரி அந்தப் பரீட்சையில் தேறியவற்றின் வீடு. கிடர்பூர் லாரி நிறுத்தத்தில் கேட்டு வாங்கிய தார்ப்பாய்த் துண்டுகள். கரியாஹாட் பாத்திரக்கடையில் ஜோடி தொலைந்த மூடிகள். தெருமுனை மருத்துவமனையில் யாரும் வாங்காமல் விட்ட எக்ஸ்ரேக்கள், பெயர்களைச் சுரண்டிய பிறகு. மூங்கில் சல்லடைகள், மணல், எண்ணிப் பழகும் மணிச்சட்டம், பள்ளி வாசலில் ஜால்முரி என்கிற காரப்பொரி விற்பவர் கழித்துப்போட்ட தகரக் குவளை. அடிக்கிற மணி மட்டும் கிடையாது. "மணி மணி மாதிரிதானே அடிக்கும்? அது கோயிலுக்குப் போகட்டும்" என்பார். சல்லடை கடலாக வேண்டும், எக்ஸ்ரே இடியாக வேண்டும். தன்னைப் போலவே ஒலிக்கிற எதற்கும் உள்ளே இடமில்லை.

முறை இதுதான். கேட்பவர்கள் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு, கண்ணை மூடி உட்கார வேண்டும். செய்பவர்கள் முதுகுக்குப் பின்னால். என்ன சத்தம் என்று யாரும் பெயர் சொல்லக் கூடாது, முடியும்வரை. பெயர் சொன்ன அந்த நொடியில் காது வேலையை நிறுத்திவிடும் என்பது பொர்தியின் கட்சி. நானும் முதலில் சிரித்தேன். பிறகு ஒருநாள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கையில், மணிச்சட்டத்து மணிகளை யாரோ ஒரு வாண்டு மெல்ல நகர்த்த, என் முதுகுக்குப் பின்னால் ஒரு டிராம் வளைவில் திரும்பியது. நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். நிஜமாகவே இழுத்துக்கொண்டேன்.

இனி யாழினி.

ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்கள் முன்பு. டயமண்ட் ஹார்பர் சாலையில் மெட்ரோ தூண்கள் முளைத்துக்கொண்டிருந்த புழுதிக் காலம். தென்காசியிலிருந்து வந்த பிள்ளை. அப்பா முருகேசன் கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஆறு வயது, இரட்டைப் பின்னல், எதையும் தவறவிடாத கண்கள். வாய் மட்டும் திறக்காது. ஆஜர் கூப்பிட்டால் பெஞ்சை விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். வகுப்பில் வங்காளம், இங்கிலீஷ், கொஞ்சம் ஹிந்தி என்று மூன்று பாஷையும் சேர்ந்து இரைச்சலிடும். நடுவே அவள், வெள்ளத்தில் நட்டு வைத்த கம்பு போல.

தமிழ் டீச்சர் இருக்கிறாள் என்றுதான் அந்தப் பள்ளியில் சேர்த்தார்கள். நான் குனிந்து, "சாப்ட்டியாடா கண்ணு?" என்றேன். என்னைப் பார்த்தாள், கடையில் தவறான பொருளைக் கொடுத்துவிட்ட மாதிரி.

முருகேசன் பிறகு சிரித்தபடி சொன்னார். "கோவிச்சிக்கிடாதீங்க டீச்சர். நீங்க பேசுதது தமிழ்தான். ராகம் மட்டும் பெங்காலியால்லா இருக்கு!"

ஆனால் மழைக்கால நடுவில் மறுபடி பள்ளிக்கு வந்தபோது அவர் சிரிக்கவில்லை.

"வீட்ல ஏதோ ரெண்டு வார்த்த பேசுதா. இங்க வந்தா அதுவும் இல்ல. எத்தன மாசம் டீச்சர் பாக்கது? தென்காசில தம்பி வீடு இருக்கு. அவன் பிள்ளையளோட சேத்து விட்டுருவோம்னு பாக்கேன். நம்ம சனம், நம்ம பேச்சு."

"அவ அம்மாவும் கூடப் போறாங்களா?"

"அவ எப்படிப் போவா? கைப்பிள்ள வேற இருக்கு. எனக்கு இங்க வேல. துர்கா பூஜ லீவுக்கு எல்லாரும் போவோம். திரும்புதப்ப இவள விட்டுட்டு வந்துருவோம்."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"அழுதா." சன்னலுக்கு வெளியே பார்த்தார். "அழத்தான் செய்வா. புள்ள ஊமையாப் போயிட்டா அதவிட அழணும்லா?"

கெட்ட மனிதர் இல்லை. மகளை அனுப்பிவிட்டு அவர் எப்படித் தூங்குவார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பூஜைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அதற்குள் அந்தப் பிள்ளை நாலு வார்த்தை பேசியாக வேண்டும். இல்லையென்றால் ஆறு வயதில் தாய்தகப்பனை விட்டுப் பிரிய வேண்டும்.

பொர்தியிடம் ஓடினேன். மதிய இடைவேளையில் தனியாக உட்காரவைத்துப் பேச்சுப் பயிற்சி கொடுக்கப் போகிறேன் என்றேன். படக்கதை அட்டைகள் செய்யப் போகிறேன், பரிசு ஸ்டிக்கர்கள் தரப் போகிறேன். மூச்சுவிடாமல் சொன்னேன்.

பொர்தி குடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "கரண்ட் போறதுக்கு முன்னால அவ ஃபேனைப் பார்க்கிறாளே, கவனிச்சிருக்கியா?"

இல்லை.

"வேகம் குறையறது நமக்குக் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாலயே அவ தலை நிமிருது. நான் மூணு நாளா ஜன்னல்ல நின்னு பார்த்தேன். பேச வைக்கிறதை விடு. அலமாரியத் திற."

திறந்தேன்.

முதல் நாள் மற்ற பிள்ளைகள் அலமாரிமேல் பாய்ந்தார்கள். இடி, மின்னல், லாரி, பூதம், யானையின் ஏப்பம். யாழினி கடைசியில் போய் ஒரு சல்லடையை எடுத்தாள். ஒரு பிடி மணல் போட்டாள். காதருகே வைத்துச் சாய்த்தாள். பாதி மணலைக் கொட்டினாள். மறுபடி சாய்த்தாள். முகம் சுளித்தாள். இன்னும் கொஞ்சம் கொட்டினாள். ஒரு நகைத் தட்டான் கல்லை நிறுப்பது போல இருந்தது. வகுப்பு முழுக்க இரைந்துகொண்டிருக்க, அவளைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் அமைதி விழுந்திருந்தது.

பிறகு சல்லடையைப் பாப்லுவின் கையில் வைத்தாள். மிட்டாய்க் கடைக்காரர் மகன். தூக்கத்திலும் பேசுவான் என்று அவன் அம்மாவே சொல்வாள். "இது தீகா பீச்! ஏய், தீகா பீச்!" என்று கத்தினான். அவள் அவன் வாயைப் பொத்தினாள்.

"மிஸ்! இவ என் வாய மூடறா மிஸ்!"

"நான் ஜூன்லேர்ந்து அதைத்தான் முயற்சி பண்றேன்டா. அப்படியே இரு."

அவன் மணிக்கட்டைப் பிடித்து, எவ்வளவு சாய்க்க வேண்டும், எந்த வேகத்தில் என்று காட்டினாள். தவறாகச் செய்தால் கையைத் தட்டிவிடுவாள். சரியாகச் செய்தால் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த மூடிய கண்களுக்காக அந்த வகுப்பில் பிள்ளைகள் போட்டி போட ஆரம்பித்ததை நான் எப்படிச் சொல்வேன்! என்னிடம் நட்சத்திர ஸ்டிக்கர் இருந்தது. யாரும் சீந்தவில்லை.

நாள்தோறும் கடைசிப் பாடவேளையை அவளிடம் கொடுத்தேன். பொரியை எக்ஸ்ரேமேல் உதிர்க்கச் சொல்லி இரண்டு சிறுமிகளை நிறுத்தினாள். தார்ப்பாயைத் தரையோடு தரையாக இழுக்க நாலு பேர். மூடிகள், தகரக் குவளை, மணிச்சட்டம் எல்லாவற்றுக்கும் ஆள் வைத்தாள். என்ன செய்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. மழை என்று நினைத்தேன். பாப்லு இன்னும் தீகாவை விடவில்லை. வாரங்கள் போகப்போக ஒன்று மட்டும் புரிந்தது: அவளுக்குள் எதுவோ முழுசாக இருக்கிறது, சின்னச் சின்னத் துணுக்குகளோடு, இண்டு இடுக்கோடு; எங்கள் குப்பையை வைத்து அதை அவள் வெளியே எடுத்து நிறுத்திக்கொண்டிருக்கிறாள். ஒரு சொல் இல்லாமல். மாலையில் பஸ்ஸில் வரும்போது காதெல்லாம் கூர்மையாகி, கண்டக்டர் சில்லறைப் பையைக் குலுக்குவதுகூட எனக்கு அதிசயமாக இருந்தது. இத்தனை வருஷம் நான் எங்கே இருந்தேன்?

பூஜை விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். பக்கத்துப் பந்தலில் டாக் மேளத்தைக் காய்ச்சி அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முருகேசன் டி.சி. வாங்க வந்தார். அலுவலகத்தில் அரை நாள் பர்மிஷன். ஊருக்கு மறுநாள் ரயில். அதுவரை யாழினி வகுப்பில் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை.

பொர்தி பேனாவைத் திறந்தார். திறந்ததை அப்படியே கையில் வைத்துக்கொண்டு, "எழுதித் தர்றேன். முதல்ல வகுப்புக்கு வந்து உட்காருங்க" என்றார் வங்காளத்தில். நான் தமிழில் சொன்னேன்.

வகுப்பில் அவருக்குச் சுவரைப் பார்த்து ஒரு நாற்காலி. பக்கத்தில் எனக்கும் பொர்திக்கும்.

"செவத்தப் பாத்தா டீச்சர்? பள்ளிக்கூடத்துல செவத்தப் பாத்து நெறைய நின்னுருக்கேன். உக்காரச் சொல்லுதது இதான் மொத தடவ."

"கண்ணையும் மூடிக்கணும்."

"சரிதான்" என்று மூடிக்கொண்டார்.

முதலில் ஒன்றுமே இல்லை. மேளம்கூட ஓய்ந்திருந்தது. பிறகு பொரி விழுந்தது. ஒன்று, இன்னொன்று, பிறகு இலேசாக, சாய்வாக, காற்று தூக்கிக்கொண்டு வந்து முகத்தில் போடுகிற தூறல். தார்ப்பாய் எங்கோ தூரத்தில் மூச்சு வாங்கியது. மரங்கள். நிறைய மரங்கள். பெஹாலாவின் சுண்ணாம்புச் சுவர் குளிர்வது போல இருந்தது எனக்கு.

முருகேசனின் கால் ஆடுவது நின்றது. "சாரலு" என்றார் வாய்க்குள். "ஏ... இது சாரலுல்லா."

சல்லடைகள் தொடங்கின. ஒவ்வொன்றாக, ஒன்றின் முடிவை இன்னொன்று பிடித்துக்கொண்டு, எங்கும் இடைவெளி விழாமல். நாங்கள் நடந்து நெருங்குவது போலச் சத்தம் பெருத்தது. ஒரு வளைவு திரும்பியதும் திடீரென்று திறந்துகொண்டது. மேலிருந்து கீழாக, பாறையில் அறைந்து, தலையில் அறைந்து. ஈர முதுகில் யாரோ படாரென்று தட்டும் சத்தம்கூட இருந்தது. நான் பார்த்தே இராத குற்றாலம். அதைச் செய்தவர்களில் ஒருத்தியைத் தவிர யாருமே பார்த்திராத குற்றாலம்.

முருகேசன் எழுந்துவிட்டார். கண் திறந்திருந்தது, கன்னம் நனைந்திருந்தது. திரும்பாமல் சுவரிடமே பேசினார்.

"பாத்தீங்களா டீச்சர். பாத்தீங்களா. புள்ள மனசு பூரா அங்கனதான் கெடக்கு. நான் நெனச்சது சரிதான். இங்க பிடிச்சு வச்சிருக்கது பாவம். டி.சி.ய எழுதச் சொல்லிருங்க."

அவர் சொல்வதில் என்ன தவறு? இதைக் கேட்ட எவரும் அப்படித்தானே சொல்வார்கள்? எங்கள் அலமாரி, எங்கள் வாரங்கள், பொர்தியின் காது எல்லாம் சேர்ந்து அந்தப் பிள்ளையை ரயிலேற்றுவதற்கா?

பின்னாலிருந்து பாப்லுவின் கோபமான கிசுகிசுப்பு. "காக்கு, ச்சுப்! பேசாதீங்க, இன்னும் முடியல!"

பொர்தி குடை முனையால் நாற்காலியைத் தட்டிக் காட்டினார். முருகேசன் உட்கார்ந்தார்.

அருவி மெலிந்தது. மெலிந்து, தூரமாகி, அதன் அடியிலிருந்து இன்னொரு சத்தம் தலைதூக்கியது. ஜால்முரிக் குவளைக்குள் கரண்டி. கடகட கடகட. ரயில். தண்ணீரை மெல்ல விழுங்கிக்கொண்டு ரயில் பெரிதாயிற்று. வெகுநேரம் ஓடியது, சலிக்கும் அளவுக்கு, நிஜமாகவே இரவும் பகலும் ஓடுவது போல. மூடிகள் அதிர்ந்தன: பாலம். மறுபடி கடகட. பிறகு எல்லாப் பிள்ளைகளும் எல்லாப் பொருள்களும் ஒன்றாக வெடித்தன. ஹௌரா ஸ்டேஷன்! வேறு எதுவாக இருக்க முடியும்? பொர்தி கண்ணை மூடியபடியே கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நின்றது. அமைதி.

அந்த அமைதி ஒரு வீட்டினுடையது என்று எப்படியோ தெரிந்தது. ஒரு ஃபேன் சுற்றுவதாகத் தார்ப்பாயில் ஒரே சீரான தேய்ப்பு. ஒரு மூடியின் மேல் இன்னொரு மூடி, அடுப்படி. பிறகு மணிச்சட்டத்து மணிகள் கரகரவென்று ஓர் ஓட்டம் ஓடி நின்றன. இங்கே எல்லா ஃப்ளாட் வாசலிலும் இருக்கிற மடக்குக் கம்பிக் கதவு, இழுத்துத் திறக்கப்படுகிறது. சாவிக் கொத்து. ஒரு செருப்பு, இன்னொரு செருப்பு. அப்புறம் பாப்லு தொண்டையைச் செருமினான். இரண்டு குட்டையாக, ஒன்று நீட்டி.

முருகேசனின் மூச்சு என் பக்கத்தில் நின்றுபோனதை உணர்ந்தேன்.

அதன் பின்னால் வந்தது மிகச் சின்னச் சத்தம். நான் விதியை மீறித் திரும்பிப் பார்த்தேன். அத்தனை வாரங்களும் யாழினி எல்லாச் சத்தத்தையும் மற்றவர்களுக்கே கொடுத்துவிட்டாள். ஒன்றை மட்டும் தனக்கென்று வைத்திருந்தாள். பெஞ்சின் ஓரத்திலிருந்து நடுவரைக்கும், இரண்டு உள்ளங்கைகளால், தடதடதடவென்று. வெறுங்காலோடு ஒரு குழந்தை கதவை நோக்கி ஓடுகிறது. ஓடி, எதன்மீதோ மோதி நிற்கிறது.

கைகளை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். முடிந்தது.

முருகேசன் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். ஏதோ பேச நினைத்தார் போல. தன்னையறியாமல் தொண்டையைச் செருமினார். இரண்டு குட்டையாக, ஒன்று நீட்டி.

வகுப்பு சிரிப்பில் வெடித்தது. பாப்லு பெஞ்சில் ஏறிக் குதித்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, இடுங்கிய கண்களோடு, ஒரு பல் விழுந்த வாய் முழுக்கத் திறந்து யாழினி சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமாக. அவள் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

முருகேசன் முகத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். மகளைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை என்று நினைக்கிறேன். என் பக்கம் குனிந்து கேட்டார்.

"லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் என்னைக்கு டீச்சர் தொறக்கும்?"

"கீ போல்ச்சேன்?" என்றார் பொர்தி. என்ன கேட்கிறார்?

சொன்னேன். பொர்தி கையிலிருந்த பேனாவை மூடினார்.

"தீபாவளி கழிஞ்சு வர்ற பாய் ஃபோட்டா பண்டிகைக்கு மறுநாள். லேட்டா வரக் கூடாதுன்னு சொல்லு."

பிறகு ஒரு "ஹும்".